ராசா தண்ணீர் கொடுக்காத இரண்டு படங்கள்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனையை எடுப்பேன், ஆண்டவர் பெயரைத் தலைப்பில் எழுதுவேன், பிறகு அடுப்பில் ஏதாவது கொதித்துவிடும், எழும்பிப் போய்விடுவேன். அடுப்பைச் சாட்டுச் சொல்கிறேனே தவிர, உண்மையில் எனக்கு மனம் வரவில்லை. நான் அந்தோனிக்குத் தங்கச்சி, சூசைக்குப் பெண்சாதி. எதை எழுதினாலும் ஒருவருக்காக மற்றவரை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று ஊரில் கதைப்பார்கள். ஆனால் இந்தத் தவக்காலத்தில் ஊரிலிருந்து கோயில் மூப்பர் பிலிப்பு டெலிபோன் எடுத்துக் கேட்ட பிறகு இனிமேல் பேசாமல் இருப்பது பாவம் என்று தோன்றிவிட்டது. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் மன்னார்க் கரையில் இருக்கிற நீங்களும், பிரான்ஸ், ஜெர்மனி என்று சிதறிப்போன எங்கள் ஊர்ச் சனமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டார் சுகமா என்று கேட்பதில்லை. "தண்ணி வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். பட்டினப்பாக்கத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அப்படிக் கேட்டதும், பாவம் தாகமாக்கும் என்று நினைத்து ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவள் என்னையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா, கொழாய்ல வந்துச்சான்னு கேட்டா குடிக்கக் குடுக்கிற?" என்று சிரித்துவிட்டு, கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று மடமடவென்று குடித்தாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் எங்களுக்குள். அவள் சாந்தோம் பக்கம் ரோட்டோரத்தில் மீன் விற்கிறவள். நான் தி. நகர்க் கடை ஒன்றுக்குச் சேலைகளில் ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறவள். என் புருஷன் அடையாறில் ஒரு ஃபிளாட்டுக்கு இரவு வாட்ச்மேன். ஒரே தமிழ்தான் பேசுகிறோம், ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் நான் வாயைத் திறந்தால் கடைக்காரர் "எந்த ஊரும்மா, கேரளாவா?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் இல்லை என்று விளக்கம் சொல்வேன். இப்போது களைத்துப்போய், ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

எங்கள் ஊர் வாசாப்பு உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கோயில் திருநாளுக்கு நேர்த்திக்கடனாக இரவு முழுக்கப் பாடி ஆடுகிற நாடகத்தைத்தான் வாசாப்பு என்கிறோம். எங்கள் கோயிலுக்கென்று இருந்தது தண்ணீர்க் கிணற்று நாடகம். பஞ்ச காலத்தில் ஒரு ராசா, அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர் படைக்கு மட்டும்தான், வெளியாளுக்கு மொண்டு கொடுத்தவன் தலை போகும் என்று கட்டளை போடுகிறான். அவனுடைய ஒரே மகன் சிறையில் நாக்கு வறண்டு கிடக்கிற கைதிகளுக்குத் தண்ணீர் கொடுத்து அகப்பட்டுவிடுகிறான். ராசா தன் சொல்லை விடவும் முடியாமல், பிள்ளையை விடவும் முடியாமல் கடைசியில் தானே வாளை எடுக்கிறான். அவ்வளவுதான் கதை. அதைக் கேட்டு ஒவ்வொரு வருஷமும் ஊரே அழும்.

ஆனால் இளவரசன் சாவதோடு அது முடியாது. வெள்ளைத் துணியால் மூடிக் கிடத்தி, ராணி ஒப்பாரி பாடி முடித்ததும், ராசாவுக்கு ஆடினவர் செம்பில் தண்ணீரோடு வருவார். "என் கையால் விழுந்தாய், என் கையால் எழும்பு" என்று சொல்லித் துணியை விலக்கி, தன் கையாலே குடிக்கக் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டுத்தான் இளவரசன் எழும்புவார். பிறகு இரண்டு பேரும் கை பிடித்துக்கொண்டு மங்களம் பாடுவார்கள். அதுவரைக்கும் ஒரு குழந்தையும் பாயை விட்டு எழும்பாது. வெட்டினவனே எழுப்ப வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் மனக்குறை தங்கக்கூடாது என்பதற்காக முன்னோர் வைத்த முறை என்பார்கள். நான் இதைச் சம்மனசு சொன்ன வாக்குப்போல நம்பி வளர்ந்தவள்.

இந்தக் கதை சென்னையில் எப்போதோ சினிமாவாகவும் வந்திருக்கிறது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம். தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் கதை என்று கேட்டதும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. போய்ப் பார்த்தால் இளவரசனுக்கு ராசாவைவிட வயது கூட. கிணற்றுச் சுவரில் வெள்ளித்தாள் மினுங்கியது. பஞ்சத்தில் அடிபட்ட நாடு என்கிறார்கள், ராணி நகைக் கடை மாதிரி நிற்கிறாள். எதற்கெடுத்தாலும் பாட்டு. ஆனாலும் குறை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கட்டளை சொல்கிற இடத்தில் அந்த ராசா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார். முகம் தெரியாது. தோள் மட்டும் குலுங்குகிறது. எங்கள் ஊரில் ராசாவுக்கு ஆடினவர்கள் எவ்வளவோ உரத்து அழுதிருக்கிறார்கள், அப்படி ஒரு முதுகை நான் கண்டதில்லை.

சாகிற இடம் வந்ததும் மண்டபத்தில் சனம் எழும்பிச் செருப்புத் தேடத் தொடங்கிவிட்டது. பங்கில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எனக்கு முன்னால் எழும்பி நின்று மறைத்தார். "ஐயா, இருங்கோ, மங்களம் இருக்கு" என்றேன். "அது சும்மா பாட்டும்மா, வெயில் ஏறிடும்" என்று அவர் போய்விட்டார். இருந்த நான்கைந்து பேரோடு நான் முழுதும் பார்த்தேன். திரையில் புகை வந்தது, மணி அடித்தது, மேகத்திலிருந்து சிறகு வைத்த ஒரு சம்மனசு இறங்கி இளவரசனைக் கை பிடித்துத் தூக்கியது. ராசா ஓரமாக முழந்தாளில் நின்று கும்பிட்டார். அவருக்குச் செம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

சூசை உள்ளே வரவில்லை. மாதா கெபிக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் செபமாலையை உருட்டிக்கொண்டு இருந்தார். நான் போய் முடிவைச் சொன்னேன். "சம்மனசு வந்து எழுப்பினால் பிறகு ராசாவுக்கு என்ன வேலை?" என்றார்.

அவர் ஏன் உள்ளே வரவில்லை என்பதுதான் நான் இவ்வளவு காலம் எழுதாமல் வைத்திருந்தது. கடைசியாக எங்கள் ஊரில் அந்த நாடகம் ஆடியபோது இளவரசனுக்கு ஆடியது என் சின்னண்ணன் அந்தோனி. ராசாவுக்கு ஆடியது சூசை. எனக்கும் அவருக்கும் கலியாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசிக்கிறதாகப் பேச்சு முடிந்திருந்த நேரம், அதனால் இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்று ஒரே கேலி. விடியப்போகிற சமயம். வாள் விழுந்துவிட்டது. அண்ணன் துணிக்குக் கீழே கிடக்கிறார். ராணியின் ஒப்பாரி பாதிக்கு மேல் போய்விட்டது, சூசை செம்போடு மேடைத் திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். அப்போதுதான் பெரிய ரோட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. முதலில் திருநாள் வெடி என்று நினைத்தோம். பிறகு யாரோ விளக்கை நூர்த்து இருட்டாக்கினார்கள், சனம் கடற்கரைக்கு ஓடியது. நான் மேடைக்குக் கிட்டத்தான் நின்றேன். சூசை "எழும்படா, எழும்படா" என்று கத்துகிறார். அண்ணன் துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்து, அந்த நேரத்திலும் பகிடியாக, "தண்ணியைத் தா மச்சான், எழும்புறன்" என்றார். அதற்குள் சத்தம் கிட்டவாகக் கேட்டது. சூசை செம்பைப் போட்டுவிட்டு அவரைத் தோளில் பிடித்து இழுத்தார். தண்ணீர் மணலில் போய்விட்டது. அண்ணன் தானாகவே எழும்பி ஓடினார். இருட்டில் நாங்கள் ஒரு வள்ளத்தில் ஏறினோம், அண்ணன் வேறு வள்ளத்தில் ஏறியதாகச் சொன்னார்கள். எங்கள் வள்ளம் ராமேஸ்வரம் பக்கம் கரை பிடித்தது. மற்றது கரை பிடிக்கவில்லை.

இவ்வளவும்தான் நடந்தது. ஆனால் அகதி முகாமில் இருந்தபோதே கதை வளரத் தொடங்கிவிட்டது. மங்களம் பாடாமல் எழும்பினவன் எப்படித் தங்குவான் என்றார்கள். பிறகு சூசை தண்ணீர் குடுக்கப் பிந்தினான் என்றார்கள். பிறகு குடுக்க மாட்டேன் என்று வேண்டுமென்றே ஊற்றினான், சீதனப் பேச்சில் ஏதோ கோபம் என்றார்கள். சீதனமாவது, எங்கள் வீட்டில் குடுக்க என்ன இருந்தது? அவர் ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால் அந்தோனி செத்ததாக ஒத்துக்கொள்வது மாதிரி இருக்கும் என்று ஒருநாள் எனக்கு மட்டும் சொன்னார். சனம் ஊருக்குத் திரும்பிப் போய், கோயிலைத் திருத்திக் கட்டி, திருநாள் எல்லாம் வைத்தும் அந்த நாடகத்தை மட்டும் ஆடவில்லை. இப்போது பொடியன்கள் ஆட ஆசைப்படுகிறார்களாம், பெரியவர்கள் விடவில்லையாம். "சூசை வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும் பிள்ளை, அண்டைக்கு என்ன நடந்தது எண்டு. அவர் சொன்னால் சனம் கேக்கும்" என்றார் மூப்பர். நான் டெலிபோனைச் சூசையிடம் நீட்டினேன். அவர் டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் கிழமையில்தான் கன்னியம்மா ஓடிவந்து, "அக்கா, நான் நடிச்ச படம் வந்துகீது, நீ வந்தே ஆவணும்" என்று என்னை இழுத்தாள். அவளுடைய தம்பி டில்லி வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன், முப்பது தாண்டியவன். அவனைக் கதாநாயகனாக வைத்து யாரோ இளந்தாரிகள் எங்கள் தெருவிலேயே எடுத்த சின்னப் படம். தேனாம்பேட்டைத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சி. ஏசிக் குளிர் தாங்காமல் சேலையால் போர்த்திக்கொண்டு இருந்தேன். பழைய நாடகம் ஒன்றிலிருந்து எடுத்த கதை என்று எழுத்துப் போட்டார்களாம், நான் கவனிக்கவில்லை. பாதி போன பிறகுதான் இது எங்கள் நாடகம் என்று கண்டுகொண்டேன். எங்கள் ராசா இதில் தண்ணி லாரி முதலாளி. அரண்மனைக் கிணறு, ஊர் எல்லையில் அவர் போட்டிருக்கிற போர்வெல். காசு கட்டாத தெருவுக்கு ஒரு குடம்கூட இறங்கக்கூடாது என்பது கட்டளை. மகனுக்கு நடித்த டில்லி கோடை வெயிலில் லாரியை எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து வால்வைத் திறந்துவிடுகிறான்.

பாட்டு இல்லை, ஒப்பாரி இல்லை. எல்லாரும் கன்னியம்மா மாதிரியே பேசுகிறார்கள். பழைய படத்து வெள்ளித்தாள் கிணற்றைப் பார்த்துச் சிரித்த எனக்கு இதில் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் குழாயடியில் நானே நின்றிருக்கிறேன். முதலாளியின் கூட்டாளிகள் மகனை அடிக்கும்போது அப்பன் லாரிக்குள் இருந்துகொண்டு கண்ணாடியை ஏற்றுகிறார். கை தவறி வைப்பர் ஓடத் தொடங்குகிறது. மழை இல்லாத வெயிலில் அது கிறீச் கிறீச்சென்று துடைத்துக்கொண்டே இருக்கிறது, அதை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. பழைய ராசாவின் முதுகும் இந்த வைப்பரும் எனக்கு ஒன்றுபோலத்தான் பட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் தாங்க முடியவில்லை. டில்லி ரோட்டில் செத்துக் கிடக்கிறான். வால்வு திறந்தபடி. சனம் குடத்தோடு ஓடிவந்து அவனைத் தாண்டித் தாண்டித் தண்ணீர் பிடிக்கிறது. கன்னியம்மாவும் அதில் நின்று குடம் நிரப்புகிறாள். திரை இருண்டு பெயர்கள் ஓடத் தொடங்கின.

லைட் போட்டார்கள். நான் எழும்பவில்லை.

"இன்னாக்கா, முட்ஞ்சி போச்சி, எயுந்துரு."

"இன்னும் எழுப்பேல்லை" என்றேன்.

"யார?"

"உன்ர தம்பியை. செத்தவர் எழும்பாமல் எப்படிப் போறது?"

"செத்தவன் எங்கக்கா எயுந்துப்பான்? இன்னா ஆச்சி உனுக்கு? காலைல கூட ரெண்டு இட்லி பத்தலன்னு எங்கிட்ட சண்ட போட்டான் அவன்!" சிரித்தபடி சொன்னவள் என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். துடைப்பத்தோடு வந்த பெண், "அடுத்த ஷோவுக்குப் பெருக்கணும்மா" என்றாள். "பெருக்கும்மா, காலத் தூக்கிக்கிறோம்" என்று கன்னியம்மா இரண்டு காலையும் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்கும் புடிக்கலக்கா. ஷூட்டிங்ல அவன் அங்க உயுந்து கெடக்கிறான். டைரக்டரு தம்பி, கீய பாக்காதக்கா, கொடத்தையே பாருன்னு சொல்ட்டான். கூடப் பொறந்தவன் கெடக்கசொல்ல நான் கொடத்தப் பாத்துக்கினு நிக்கிறேன். வூட்டுக்கு வந்து மூணு தெரு மண்ணெடுத்து அவனுக்குச் சுத்திப் போட்டேன். அப்பவும் மனசு ஆறல."

வீட்டுக்கு வந்து சூசைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ராசா தண்ணி குடுத்தவரோ?"

"இல்லை."

"சம்மனசு?"

"ஒருத்தரும் இல்லை. அப்படியே விட்டிட்டினம்."

அடுத்த நாள் காலை வேலையால் வந்தவர் படுக்கவில்லை. முழுகினார், வேட்டி மாற்றினார், வீட்டில் இருந்த பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்கித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு இறங்கினார். கேட்டால் சொல்ல மாட்டார் என்று தெரிந்து நானும் பின்னால் போனேன். கடற்கரையில் டில்லி வலை பிரித்துக்கொண்டு இருந்தான், கூட்டாளிகள் டீயோடு நின்றார்கள். சூசை அவன் முன்னால் போய் நின்று, "தம்பி, படத்தில நீர் செத்த பிறகு உம்மை ஒருத்தரும் எழுப்பேல்லையாம்" என்றார்.

டில்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அத்த டைரக்டராண்ட கேளு நைனா. சம்பளத்தியே இன்னும் முழுசா எயுப்பல அவன்" என்றான்.

கூட்டாளி ஒருவன், "மச்சி, உன்ன எயுப்ப சிலோன்லருந்து ஆள் வந்துகீதுடா! நல்லா படுத்துக்கோ" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பூமிக்குள் போகலாம் போல இருந்தது. சூசை அசையவில்லை. இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருந்தார், தண்ணீர் விளிம்புவரை நின்றது. மீன் கூடையோடு வந்த கன்னியம்மா அதைப் பார்த்தாள். நான் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாய மூட்ரா டேய்!" என்று சிரித்தவனை ஒரு அதட்டு அதட்டினாள். "டில்லி, எயுந்து கைய கயுவு. பெரியவரு குடுக்கிறத வாங்கிக் குடி."

அவன் நல்ல பிள்ளை. கடல் தண்ணீரில் கையை அலம்பிவிட்டு வந்தான். செம்பை வாங்கப் போனவனைச் சூசை தடுத்தார். "நான்தான் குடுக்க வேணும்." டில்லி அவரையும் என்னையும் பார்த்தான். என்ன தோன்றியதோ, "படுக்கணுமா நைனா? இல்ல குந்திக்கினா போதுமா?" என்று மெதுவாகக் கேட்டு, அவர் பதில் சொல்லும் முன்னே மணலில் உட்கார்ந்தான். சூசை குனிந்து, "என் கையால் விழுந்தாய், என் கையால் எழும்பு" என்றார். சபையில் வாசிப்பது போலச் சொன்னார், குரல் உடையவில்லை. டில்லி வாய் வைத்துக் குடித்தான். பிறகு எழும்பி நின்று வேட்டி மணலைத் தட்டினான். சிரித்தவன் டீத் தம்ளரை மறைத்துக்கொண்டு நின்றான். கன்னியம்மா தம்பியின் தலையில் கையை வைத்துத் தடவிவிட்டு, விருட்டென்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இனி இந்த மனுஷனுக்குப் பாரம் குறையும் என்று நான் நினைத்தேன். மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டே நடந்தேன். பாதி வழியில் அவர் சொன்னார்: "இது இவனுக்குக் குடுத்தது. அந்தோனியின்ர இன்னும் கிடக்குது." கொஞ்சம் நடந்து, "மூப்பருக்கு நீ எழுது" என்றார். "ஆடட்டும் எண்டு எழுது. ராசாவுக்கு வாறவனிட்ட ஒண்டு மட்டும் சொல்லச் சொல்லு. எந்தச் சத்தம் கேட்டாலும் செம்பைக் கையால விட வேண்டாம்." வீட்டுக்கு வந்து படுத்தவர் பின்னேரம் வரைக்கும் நித்திரை கொண்டார். வாட்ச்மேன் வேலைக்கு வந்த பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. களைப்பாகத்தான் இருக்கும்.

இப்போதும் நாங்கள் பின்னேரத்தில் கடற்கரைக்குப் போய் நின்று திரிகால செபம் சொல்கிறோம். ஊரில் கடலைப் பார்த்துத்தான் மாலைச் செபம் சொல்வோம், சூரியன் எங்கள் முன்னால் தண்ணீருக்குள் இறங்கும், முகமெல்லாம் வெளிச்சமாக இருக்கும். இங்கே அது எங்களுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் இறங்குகிறது. சூரியனைப் பார்த்தால் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும், கடலைப் பார்த்தால் சூரியனுக்கு. நாங்கள் கடலையே பார்த்து நிற்கிறோம். எங்கள் இரண்டு பேருடைய நிழலும் நீண்டு போய் அலைக்குள் தலையை வைக்கிறது, கால் மட்டும் பட்டினப்பாக்கத்து மணலில் நிற்கிறது.

வாசிக்கிறவர்களிடம் ஒரு மன்றாட்டு. திருநாளுக்கு முன் இதைக் கோயிலில் கூடுகிற சனத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். என் புருஷன் நல்லவர் என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம், என் அண்ணன் பகிடியாகக் கேட்டதைக் கூச்சப்பட்டு எடுத்துவிடவும் வேண்டாம். சூசை தண்ணீர் கொண்டு வந்து நின்றார், கொடுக்கவில்லை. அந்தோனி கேட்டார், குடிக்காமல் எழும்பி ஓடினார். இப்படியே சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தோனிக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், அது எங்களுக்கும் தெரியாது என்று சொல்லுங்கள்.